கோர்ட்டில் நம் வார்த்தை நம் வார்த்தையாகவே ஏற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு ஊரில் பதினெட்டு வருடங்களாகத் தையல் கடை வைத்திருப்பவள். போன வாரம் கடைக்கு எதிரே பூ கட்டி விற்கும் பெண் ஒரு மலையாளக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு அடிதடி வழக்கில் சாட்சி சொல்ல வரச் சொல்லிக் கோர்ட்டு சம்மன். "அக்கா, பொள்ளாச்சியில எங்க அம்மா வீட்டுல ஒரு பத்து நாள் இருந்துட்டு வந்துரட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி, கோபாலபுரம் பக்கமெல்லாம் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது உதவட்டும்.

2024 ஆகஸ்டில் என் கடை வாசலில் ஒரு விபத்து நடந்தது. மொபெட்டில் வந்த ஒரு பெரியவர் வலது பக்கம் திரும்பக் கை காட்டி நின்றார். பின்னால் வந்த டிப்பர் லாரி இடித்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார். மிஷினில் உட்கார்ந்திருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்தது நான் ஒருத்திதான்.

இரண்டு நாள் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. "சேச்சி, ஸ்டேஷன் வரை வரணும்" என்றார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அதிகாரி இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினார்கள். மறுநாளும் போனேன். பிறகு ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது, சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாதாம். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பையன்கள், அறுபது தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் எல்லாருக்கும் இதே விதிதான். அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போலீஸ்தான் வர வேண்டும். பெண்களுக்கான இந்த விதி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடப்புக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. நாமாக விரும்பிப் போனால் அது வேறு விஷயம்.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்டவர் மலையாளம் மட்டும் தெரிந்தவர். நான் தமிழில் சொல்ல, அவர் மலையாளத்தில் எழுதினார். கையெழுத்து வேண்டாம் என்றார். அது சரிதான், போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்பதே சட்டம். ஆனால் கையெழுத்து இல்லையே என்று நானும் "என்ன எழுதினீங்க, ஒருக்கா படிங்க" என்று கேட்காமல் வந்துவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

சம்மன் வந்தபோது நான் வீட்டில் இல்லை. மாமியார் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார். முன்பு வீட்டில் உள்ள வயது வந்த ஆணிடம் கொடுக்கலாம் என்று இருந்ததாம். இப்போது ஆண் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள், வயது வந்த யார் வாங்கினாலும் நம்மிடம் சேர்ந்த கணக்குதான். மாமியார் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை. "நம்ம வீட்டுப் பொம்பளை கோர்ட்டுப் படி ஏறுறதா அம்மணி?" என்று புலம்பினார். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சாட்சிக்கும் வரும் காகிதத்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் பயம் இது. காகிதத்தை நிதானமாகப் பாருங்கள், அல்லது மலையாளம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கோர்ட்டின் பெயர், முத்திரை, வழக்கு எண், தேதி, நம்மைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்களா என்பது எல்லாம் அதில் இருக்கும். இப்போது சம்மன் போன் வழியாகவும் வரலாம் என்று சட்டம் ஆகிவிட்டதால் ஏமாற்றுக்காரர்களும் அந்த வழியில் வருகிறார்கள். கோர்ட்டு சம்மனுக்குப் பணம் கட்டச் சொல்ல மாட்டார்கள். வீடியோ காலில் உட்கார வைத்து "டிஜிட்டல் அரஸ்ட்" என்று மிரட்டினால் போனை வைத்துவிடுங்கள், அப்படி ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அந்த வாரத்தில்தான் அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகள் பேசினாள். அவள் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. அவளுக்கும் சம்மன் வந்திருக்கிறது, ஜூரியாக உட்கார. அங்கே வாக்காளர் பட்டியல் போன்றவற்றிலிருந்து சாதாரண ஜனங்களை எடுத்து, கேள்வி கேட்டுச் சலித்து, குற்றம் செய்தாரா இல்லையா என்பதை அவர்களையே முடிவு செய்ய வைக்கிறார்கள். ஃபெடரல் கோர்ட்டு என்றால் ஒரு நாளைக்கு 50 டாலர் படி. அவளுக்கும் என்னைப் போலவே பயம்தான். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் ஜூரி இருந்தது. 1959-இல் பம்பாயில் நானாவதி என்ற கடற்படை அதிகாரியின் கொலை வழக்கில் ஜூரி 8-க்கு 1 என்று குற்றமில்லை எனச் சொன்னது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே தண்டனை ஆனது. 1974 ஏப்ரல் 1-இல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. அப்படியானால் என்னைப் போல ஒருத்திக்குக் கோர்ட்டில் மிச்சம் இருக்கும் இடம் சாட்சிக் கூண்டு ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வது நியாயமா? அந்தப் பெரியவரின் மனைவி முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

முதல் தேதியில் போனேன், நீதிபதி விடுப்பு. இரண்டாம் தேதியில் லாரி டிரைவர் வரவில்லை, வாய்தா. இரண்டு தடவையும் பஸ் காசு என் கையிலிருந்து போனது. சாட்சி வந்து நிற்கும்போது விசாரிக்காமல் தள்ளிப்போடக் கூடாது, தள்ளுவதென்றால் தனிக் காரணத்தை எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் நாம்தான் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. அதேபோல அரசுத் தரப்புச் சாட்சிக்குப் பயணப் படி உண்டு. பெரிய தொகை இல்லை. ஆனாலும் கேட்டால்தான் கிடைக்கும், பெஞ்ச் கிளார்க்கிடம் கேளுங்கள். கூலி வேலைக்கும் மில்லுக்கும் போகிறவர்கள் கோர்ட்டுக்கு வந்து போனதற்கு ஒரு எழுத்தும் கேட்டு வாங்குங்கள், முதலாளியிடம் காட்டலாம். உடம்பு சரியில்லை என்றால் தேதிக்கு முன்பே டாக்டர் சீட்டோடு தெரிவித்துவிடுங்கள். ஒன்றும் சொல்லாமல் போகாமல் இருந்தால்தான் வாரண்டு வரை போகும்.

மூன்றாவது தேதியில் கூப்பிட்டார்கள். கடவுள் பெயரிலும் உறுதிமொழி சொல்லலாம், மனசாட்சிப்படியும் சொல்லலாம். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பார்த்ததைச் சொன்னேன். லாரி என்ன வேகம் என்றார்கள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, வேகம் தெரியாது என்றேன். எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தீர்கள் என்றார்கள். ஒரு புடவை நீளம் என்றேன், ஐந்தரை மீட்டர் என்று எழுதிக்கொண்டார்கள். தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொன்னால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அப்புறம் டிரைவர் தரப்பு வக்கீல் எழுந்தார். "லாரி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது என்று போலீஸில் சொல்லியிருக்கிறீர்கள். இங்கே பின்னால் வந்தது என்கிறீர்கள். இதில் எது பொய்?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கியது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. எங்கிருந்து தைரியம் வந்ததோ, அதில் எழுதியிருப்பதை அப்படியே படிக்கச் சொன்னேன். "அப்புறத்து நின்னு லோறி வந்நு" என்று படித்தார்.

உடனே விளங்கிவிட்டது. "கை காட்டி நின்னாரு, அப்புறம் லாரி வந்து இடிச்சுது" என்று நான் சொல்லியிருந்தேன். நமக்கு அப்புறம் என்றால் பிறகு. மலையாளத்தில் அப்புறம் என்றால் அந்தப் பக்கம். என் ஒரு சொல், மொழி மாறி ஏறியதால் லாரியையே திசை திருப்பிவிட்டது. நான் சொன்ன அப்புறம் நேரத்தைத்தான், இடத்தை இல்லை என்று சொன்னேன். மாஜிஸ்திரேட்டுக்குத் தமிழ் தெரியும். தலையசைத்துவிட்டு, அந்த விளக்கத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருந்தால்? அல்லது நான் பயந்து வாயடைத்துப் போயிருந்தால்? பிறழ்சாட்சி என்று என் பெயரை எழுதி முடித்திருப்பார்கள்.

அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். கோர்ட்டில் நமக்குத் தெரிந்த மொழியில் சாட்சி சொல்லலாம். இந்த மாதிரி வழக்கில் சொல்லி முடித்ததும் எழுதியதை நமக்குப் படித்துக் காட்ட வேண்டும். எழுதியிருக்கும் மொழி நமக்குப் புரியாது என்றால் நாம் சொன்ன மொழியிலோ புரியும் மொழியிலோ பெயர்த்துச் சொல்ல வேண்டும். பிழை இருந்தால் சொல்லலாம். திருத்தா விட்டாலும் நம் ஆட்சேபத்தைக் குறித்து வைக்க வேண்டும். இது யாரும் போடும் தயவு இல்லை, சட்டம். எனக்கு மலையாளத்தில் வேகமாகப் படித்தார்கள். தமிழில் சொல்லுங்கள் என்றேன். சொன்னபோது இன்னொரு பிழை அகப்பட்டது, பெரியவர் கை காட்டினார் என்றது இண்டிகேட்டர் போட்டார் என்று ஏறியிருந்தது. திருத்திய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அதிகமுள்ள பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கோர்ட்டு சம்மனின் பின்பக்கமும் நான்கு வரி தமிழ் இருந்தால் என்ன? சாட்சிக்கு இன்ன இன்ன கேட்கலாம் என்று போட்டால் போதும். எல்லையோரக் கோர்ட்டுகளில் தமிழ் படிக்கத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தால் என்ன? உங்கள் பத்திரிகை இதை மேலிடத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பூக்காரப் பெண்ணுக்குத் தேதி வரும் வியாழக்கிழமை. அவள் பொள்ளாச்சிக்குப் போகவில்லை. காலை முதல் பஸ்ஸில் நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரப் பெண்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்