மிரட்டியவருக்கா, பேசியவருக்கா எல்லை?

அன்புள்ள சுந்தரம்,

இங்கு அனைவரும் நலம். உன் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். பொங்கலுக்குப் பிறகு கடிதமே இல்லை என்று நீ தொடங்குவதற்குள், இன்று எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வந்துவிடுகிறேன்.

வாசகர் வட்டத்தில் சென்ற ஞாயிறன்று நடக்கவிருந்த உரை நின்றுபோனதை மாணிக்கம் உனக்குச் சொல்லியிருப்பான். நம் வட்டாரத்துக் கோயில் நுழைவுப் போராட்டங்களைப் பற்றி ஓர் இளம் ஆய்வாளர் பேசுவதாக இருந்தது. கூட்டம் நடந்தால் புகுந்து அடிப்போம் என்று சிலர் தொலைபேசியில் மிரட்டினார்கள். மிரட்டியவர்களை விசாரிக்க வேண்டிய காவல்துறையினரோ மண்டபக்காரரை அழைத்துச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்றார்கள். அவரும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதைக் கேட்ட நீ, "நான் தாசில்தாராக இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், பேச்சுரிமைக்கும் எல்லை உண்டு" என்றாயாமே! பணி ஓய்வு பெற்ற பிறகும் உனக்குள் இருக்கும் தாசில்தார் நாற்காலியை விட்டு எழவில்லை.

எல்லை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு தந்த பேச்சுரிமைக்கு 19(2) பிரிவு வரம்பிடுகிறது. ஆனால் அந்த வரம்பு வந்த கதையை நினைத்துப் பார். அரசமைப்பு நடைமுறைக்கு வந்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத 1950 மார்ச்சில், பத்திரிகையாளர் ரொமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் தன் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று தடைவிதித்தது நம் சென்னை மாநில அரசுதான். பொது ஒழுங்கு என்ற காரணம் அன்றைய 19(2)-இல் இல்லை என்பதால் உச்ச நீதிமன்றம் மே மாதத்தில் அந்தத் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டே முதல் திருத்தம் வந்து பொது ஒழுங்கைச் சேர்த்தது. கூடவே, கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. இரண்டாவதை அதிகாரிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நீ சொல்லும் சட்டம் ஒழுங்கு வேறு, 19(2) சொல்லும் பொது ஒழுங்கு வேறு. இது வார்த்தை விளையாட்டு இல்லை. ஒரு மண்டபத்தில் நாலு பேர் கைகலப்பது முன்னதைக் கெடுக்கலாம். ஊர் வாழ்க்கையே நிலைகுலைந்தால்தான் பின்னது கெடும் என்ற வேறுபாட்டை 1960களிலேயே சோசலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியாவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. அதற்கு முன்பே, 1960-இல், உயர்த்தப்பட்ட கால்வாய்ப் பாசன வரியைக் கட்டாதீர்கள் என்று விவசாயிகளிடம் பேசியதற்காக அதே லோகியா கைதான வழக்கில், பேச்சுக்கும் ஒழுங்குக் குலைவுக்கும் நேரடியான, நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. வரி வசூலித்தே காலம் கழித்த உனக்கு இந்த வழக்கு பிடிக்காதுதான்.

ஆனால் என் மனத்தை விட்டு அகலாதது 1989-இல் வந்த ரங்கராஜன் வழக்கு. இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. படம் வெளிவந்தால் வன்முறை வெடிக்கும் என்று மாநில அரசு வாதிட்டது. அந்தப் படத்தின் கருத்தை நான் ஏற்பவன் அல்லன் என்பது உனக்குத் தெரியும். ஆயினும், வன்முறை மிரட்டலுக்காகக் கருத்தை ஒடுக்குவது சட்டத்தின் ஆட்சியையே மிரட்டுபவரிடம் ஒப்படைப்பதாகும் என்றும், எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க இயலாது என்று அரசு கைவிரிக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறிப் படத்துக்கு வழிவிட்டது சரியே. எனக்குப் பிடிக்காத பேச்சுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் எனக்குப் பிடித்த பேச்சுக்கும் நாளை இருக்காது, சுந்தரம்.

உன் துறைக்காரர்கள் நடத்தும் 'அமைதிப் பேச்சுவார்த்தை'யையும் விட்டுவைக்க மாட்டேன். 2015-இல் நாமக்கல்லில் அப்படி ஒரு பேச்சுவார்த்தையில், 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்புக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் வாங்கிய உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று மறு ஆண்டே சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிக்க வருபவரையும் அடிவாங்கப் போகிறவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, அடிவாங்கப் போகிறவரிடம் மட்டும் கையெழுத்து வாங்குவதை நடுநிலை என்று எப்படிச் சொல்வது?

அந்த இளைஞர் ஒரு தெருவைக் காட்டி, அங்கிருப்பவர்களை விரட்டுங்கள் என்று தூண்டியிருந்தால் தடுக்கும்படி நானே புகார் எழுதியிருப்பேன். தூண்டுவதற்கும் விவாதிப்பதற்கும் இடையிலுள்ள கோட்டை, இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை நீக்கிய 2015-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தெளிவாகவே வரைந்திருக்கிறது. அவர் கொண்டுவந்திருந்தது பழைய ஆவணங்களின் நகல்களை மட்டுமே. உரை ரத்தானதும், தன்னால் நமக்குத் தொல்லை வந்துவிட்டதே என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்டபின் எனக்கு இரவெல்லாம் உறக்கம் இல்லை.

அடுத்த மாதம் அதே உரையை நடத்தத் தீர்மானித்துவிட்டோம். பாதுகாப்புக் கேட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு கொடுக்கப்போகிறேன். தீர்ப்புகளை நான் எடுத்து எழுதுகிறேன். அதிகாரி ஒருவர் தட்டிக்கழிக்க முடியாதபடி மனுவை எப்படி அமைப்பது என்பது உனக்குத்தான் தெரியும். புதன்கிழமைக்குள் வரைவை எழுதி மாணிக்கத்திடம் கொடுத்தனுப்பு. என் வாதத்தில் இன்னும் உடன்பாடு இல்லையென்றால் அதையும் தனித்தாளில் எழுது, பதில் போடுகிறேன்.

அன்புடன்,
கதிரேசன்