தேதி மேல் தேதி ஒட்டிய ரெசின் டின்

பட்டினப்பாக்கம், சென்னை
02.06.2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: படகு வேலைக்கு 03.05.2025 அன்று வாங்கிய 4 டின்களில், திறந்த மூன்றிலும் ரெசின் (பைபரை ஒட்டிக் கெட்டியாக்கும் பசைத் திரவம்) இறுகாதது பற்றியும், உங்கள் சேவை எண்ணில் சொல்லப்பட்ட ஆபத்தான யோசனை பற்றியும்.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக மே 14-ஆம் தேதி ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். இரண்டு பதில்கள் வந்தன. முதல் பதிலில் சொன்ன காரணம் இரண்டாவதில் இல்லை. அதனால் நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். நான் ஒரு பள்ளியில் கணக்கு எழுதுபவள். பில்லும் தேதியும் இல்லாமல் பேசிப் பழக்கமில்லை.

எங்கள் அப்பாவின் பைபர் படகு 28 அடி நீளம். தாத்தா காலம் முழுக்கக் கட்டுமரம்தான். 2004 சுனாமியில் அது போனது. அதன் பிறகு இந்தக் கரையே பைபர் படகுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, 2006-இல் அப்பா கடன் வாங்கி இதை வாங்கினார். என் கல்யாணமும் தம்பியின் ஐடிஐ படிப்பும் இந்தப் படகு போட்ட சோறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மேட்டில் ஏற்றி வைத்திருந்தும், பக்கத்துப் படகு புரண்டு வந்து மோதி, பின்பக்கம் விரிசல் விட்டது. அப்பாவுக்கு முட்டிவலியும் சேர்ந்துகொண்டது. படகைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, தெரிந்தவர் படகில் பங்குக்குப் போய்வந்தார்.

இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது தம்பிதான் ஆரம்பித்தான்: "நாமளே சரி பண்ணிடலாமே அப்பா." அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான், ஞாயிறு மட்டும்தான் லீவு. அப்படியே ஞாயிற்றுக்கிழமை வேலையாக எடுத்துக்கொண்டோம். அப்பா ஒரு ரூபாய் நாணயத்தால் படகை முழுக்கத் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கேட்டது. இன்ஜின் மாட்டும் பின்பலகைக்கு வந்ததும் 'பொத் பொத்'. வெட்டிப் பார்த்தால் உள்ளே இருந்த பிளைவுட் டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி இருந்தது. என் மகள் கரண்டியால் வழித்தே எடுத்தாள். அடியில் ஒரு ஓட்டை போட்டுவிட்டோம், இரண்டு நாள் பழுப்புத் தண்ணீர் சொட்டியது.

அப்புறம் மூன்று வாரம் காயவிட்டு, புது மரைன் பிளை வைத்து, பழைய பைபரின் ஓரத்தைக் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்தோம். கால் அங்குலக் கனத்துக்கு மூன்று அங்குலம் சரிவு. அப்படித் தேய்த்தால்தான் புதுசு பழசைப் பிடிக்கும். தூசி, அசிட்டோன் துடைப்பு, மாஸ்க் எல்லாம் முறைப்படிதான். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் முதல் பதிலில் "மேற்பரப்பு சரியாகத் தயார் செய்யப்படாமல் இருந்திருக்கலாம்" என்று ஒரு வரி இருந்தது.

உப்புத்தண்ணீரைச் சாதா ரெசினைவிட ஐசோ ரெசின் நன்றாகத் தாங்கும் என்பதால், விலை கூட என்றாலும் உங்கள் ஐசோ ரெசினையே பிராட்வே பக்கத்துக் கடையில் வாங்கினோம். 5 கிலோ டின் நான்கு, கூடவே அதை இறுகவைக்கக் கலக்கும் உங்கள் ஹார்ட்னர் 400 கிராம்.

மே 11, ஞாயிறு. வெயில் ஏறினால் ரெசின் வாளியிலேயே இறுகிவிடும் என்று காலை ஐந்தரைக்கே ஆரம்பித்தோம். சூடான நாள் என்பதால் கிலோவுக்கு 10 மில்லி ஹார்ட்னர் போதும் என்றார் அப்பா. உங்கள் டின்னிலும் அதே அளவுதான் போட்டிருக்கிறது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மகள் சிரிஞ்சில் அளந்து கொடுத்தாள். தம்பி கண்ணாடி இழை விரிப்பான மேட்டை விரித்தான், கூலிக்கு வந்த பைபர் வேலைக்காரர் ரோலர் போட்டுக் குமிழி எடுத்தார். நான் நேரம் எழுதினேன். மூன்று அடுக்கு மேட்டை ஈரம் காயும் முன்பே ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது என்று திட்டம்.

நாலாவது வாளி கலக்கும்போது அப்பா முதல் வாளியின் அடியில் மிச்சமிருந்ததைக் குச்சியால் தூக்கிப் பார்த்தார். "இந்நேரத்துக்கு நூல் விடணுமே" என்றார். விடவில்லை, தண்ணியாகவே வழிந்தது. நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. நிறுத்திவிடலாம் என்றார்.

நான்தான் உங்கள் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "குளிரா இருந்தா செட் ஆக லேட் ஆகும் மேடம்" என்றார். சென்னையில், மே மாதம், கத்திரி வெயிலில். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு, "ஹார்ட்னரை டபுள் பண்ணுங்க, பிடிச்சுக்கும்" என்றார். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாததா என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மூன்று டின்னும் போனது அப்படித்தான். ஐம்பது வருஷம் கடலில் இருந்தவர் பேச்சைத் தள்ளிவிட்டு உங்கள் லேபிளைப் பெரிதாக நினைத்தேன். ஆரம்பிக்கும் முன்பே ஒரு சின்னக் கிண்ணத்தில் கலந்து பார்த்திருக்க வேண்டும், அது எங்கள் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாளும் அப்படியேதான் இருந்தது. பாலியஸ்டர் ரெசினின் மேல்பக்கம் காற்றுப் படுவதால் கொஞ்சம் பிசுபிசுக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். இது அந்தப் பிசுபிசுப்பு இல்லை. மேட்டின் ஓரத்தை மகள் நகத்தால் கிளப்பினாள். ஈரத் துணியை உரிப்பது போல மூன்றடி நீளத்துக்கு வந்துவிட்டது, அடியில் பிளைவுட் பளபளவென்று தெரிந்தது.

இந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி இனிமேல்தான். மே 12, காலை 11.10-க்கு மீண்டும் போன் செய்தேன். வேறு ஒருவர் பேசினார். "கடையில தனியா கோபால்ட் கிடைக்கும் மேடம். அதை ஹார்ட்னரோட கலந்து பிரஷ்ஷால மேல அடிச்சு விடுங்க" என்றார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா போனை வாங்கி வைத்தேவிட்டார். ரெசின் சீக்கிரம் இறுகுவதற்காகச் சேர்க்கும் திரவம்தான் கோபால்ட். அதையும் ஹார்ட்னரையும் நேராகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்து, அதற்குப் பிறகுதான் ஹார்ட்னர் ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்கக் கூடாது. பைபர் வேலைக்கு வரும் பையனுக்கு முதல் நாளே சொல்லித்தருவது இதுதான். அதுவும் உங்கள் ரெசினில் கோபால்ட் ஏற்கெனவே கலந்திருக்கிறது என்று டின்னிலேயே போட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஹார்ட்னர் அளப்பவள் பதினான்கு வயதுப் பெண். அப்பா அன்று பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால் நான் கடைக்குப் போய் கோபால்ட் வாங்கியிருப்பேன். முந்தின நாள் உங்கள் ஆள் பேச்சைக் கேட்டவள்தானே நான்?

உங்கள் எண்ணுக்கு அழைத்தவுடன் "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று ஒரு குரல் சொல்கிறது. தயவுசெய்து அந்தப் பதிவைக் கேளுங்கள்.

மே 13 அன்று தம்பி காசிமேட்டில் வேறு கம்பெனி ரெசின் ஒரு கிலோவும் அதற்கான ஹார்ட்னரும் வாங்கிவந்தான். நான்கு கொட்டாங்குச்சியில் நூறு நூறு கிராம் ஊற்றினோம். உங்கள் ரெசினில் உங்கள் ஹார்ட்னர், உங்கள் ரெசினில் அவர்கள் ஹார்ட்னர், அவர்கள் ரெசினில் உங்கள் ஹார்ட்னர், அவர்களுடையதில் அவர்களுடையது. ஒரே நிழல், ஒரே அளவு. அவர்கள் ரெசின் இருந்த இரண்டும் 18, 21 நிமிஷத்தில் இறுகின. கொட்டாங்குச்சியைக் கையில் பிடிக்க முடியாத சூடு. உங்கள் ரெசின் இருந்த இரண்டும் சாயங்காலம் வரை தேன் மாதிரியே கிடந்தன, துளி சூடு இல்லை. ஆக, உங்கள் ஹார்ட்னர் நல்லதுதான். பழுது ரெசினில்.

அன்று ராத்திரி திறக்காத நாலாவது டின்னை எடுத்துப் பார்த்தேன். தயாரிப்பு 02/2025, ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவும் என்று இருந்தது. ஆனால் அந்தத் தேதி இருந்த சின்ன ஸ்டிக்கரின் ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தது. மெதுவாக உரித்தேன். அடியில் அச்சிலேயே 03/2024. நாங்கள் வேலை செய்த அன்று அதற்குப் பதினான்கு மாதம். ஸ்டிக்கரை ஒட்டியது நீங்களா, விநியோகஸ்தரா, கடைக்காரரா என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரிப்பு மாதமும் ஆண்டும் கட்டாயம். அந்த விவரத்தை மாற்றுவதற்கு மேலே ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

இனி உங்கள் பதில்கள். மே 20-இல் "கடலோர ஈரப்பதம் காரணமாக இருக்கலாம்" என்றீர்கள். படகு ரெசினைக் கடற்கரையில் பயன்படுத்தாமல் வேறு எங்கே பயன்படுத்துவது? காசிமேட்டு ரெசினுக்கும் அதே காற்றுதானே. மே 26-இல், இது வணிகப் பயன்பாடு என்பதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்றும், இருந்தாலும் நல்லெண்ண அடிப்படையில் நான்கு டின் மாற்றித் தருவதாகவும் எழுதினீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நானும் படித்தேன். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிகப் பயன்பாட்டில் சேராது என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. ஒரே படகு, 9.9 எச்பி இன்ஜின், மகனும் அப்பாவும். இதில் என்ன வணிகம்?

நான்கு டின் எங்களுக்கு வேண்டாம். ரெசின் 4,800, ஹார்ட்னர் 300, வீணான 7 கிலோ மேட் 1,120, அசிட்டோன் 650, திரும்பத் தேய்க்க வாங்கிய கிரைண்டர் டிஸ்க்கும் மாஸ்க்கும் 740, பைபர் வேலைக்காரருக்கு இரண்டு நாள் கூலி 2,400. மொத்தம் 10,010 ரூபாய். பில்களின் நகல், கொட்டாங்குச்சிப் படங்கள், ஸ்டிக்கர் படம் எல்லாம் இத்துடன் இருக்கின்றன. எங்கள் நான்கு பேரின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான் விலை போடவில்லை.

பணத்தைவிட முதலில் வேண்டியது வேறு. அதே பேட்ச்சில் வந்த டின்கள் கடைகளில் இருந்தால் இந்த வாரமே திரும்ப எடுங்கள். உங்கள் போனில் பதில் சொல்பவர்களுக்குக் கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேராகச் சேரக் கூடாது என்று சொல்லிக்கொடுத்து, சொல்லிக்கொடுத்ததை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். எடுத்துப் பேசிய இருவரின் பெயரும் என்னிடம் இருக்கிறது, இங்கே எழுதவில்லை. அவர்கள் சம்பளத்தைப் பிடிப்பது என் நோக்கமில்லை. கையில் என்ன தாளைக் கொடுத்து உட்கார வைத்தீர்களோ அதைத்தான் படித்திருப்பார்கள்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நான் வசிக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருஷம் அவகாசமும் இருக்கிறது.

திறக்காத டின்னை வீட்டுக்குள் நிழலில், ஸ்டிக்கரோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு வேண்டுமென்றால் ரசீது எழுதிக் கொடுத்து எடுத்துப்போகலாம். பாதி ரெசினை என் முன்னாலேயே வேறு பாத்திரத்தில் ஊற்றி, முத்திரை வைத்து எங்களிடமும் விட்டுப்போக வேண்டும். வருபவர் காலை எட்டு மணிக்குள் வரச் சொல்லுங்கள். படகு மணலில் நிற்கிறது, அதற்கு மேல் கால் வைக்க முடியாது.

இப்படிக்கு,
படகுக்காரர் மகள்
(பெயர், முகவரி, கைபேசி எண் பில் நகலில் உள்ளன)