பிராகை விட்டுப் போகாத யிர்ஷி மென்செல்

அன்புள்ள சுந்தரம்,

நலம், உன் நலம் அறிய ஆவல். பேத்திக்குப் பள்ளியில் இடம் கிடைத்த செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆனால், 1968க்குப் பிறகு, அமெரிக்கா போன சக இயக்குநர் மிலோஷ் ஃபோர்மனைப் போல, செக்கோஸ்லோவாகியத் திரைப்பட இயக்குநர் யிர்ஷி மென்செலும் நாட்டை விட்டு வெளியேறியிருந்தால் இன்னும் பெரிய கலைஞராகியிருப்பார் என்று நீ எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1938இல் பிராகில் பிறந்து, அங்குள்ள ஃபாமு திரைப்படப் பள்ளியில் ஒட்டகார் வாவ்ராவிடம் பயின்றவர் அவர். செக் எழுத்தாளர் பொஹுமில் ஹ்ரபாலின் குறுநாவலை வைத்து 28 வயதில் அவர் எடுத்த 'கூர்ந்து கவனிக்கப்படும் ரயில்கள்' 1968இல் ஆஸ்கர் பெற்றது. அதில் வரும் இளம் மருத்துவர் அவரேதான். காதலில் தோற்றதாக எண்ணி மணிக்கட்டை அறுத்துக்கொண்ட பையனிடம், சிரிப்போ பரிதாபமோ காட்டாமல், காதலியோடு தனித்திருக்கும் நேரத்தில் கால்பந்தை நினைத்துக்கொள் என்று யோசனை சொல்கிறாரே, அந்த நிதானம் அவருடைய இயக்கத்திலும் இருக்கிறது.

1968 ஆகஸ்டில், செக்கோஸ்லோவாகியாவில் நடந்துவந்த சீர்திருத்தங்களை ஒடுக்கச் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. அதற்குப் பின் 1969இல் ஹ்ரபாலின் கதைகளைக் கொண்டே 'கம்பியில் வானம்பாடிகள்' எடுத்தார். கிளாட்னோ இரும்பாலையின் பழைய இரும்புக் கிடங்கில் ஒரு தத்துவப் பேராசிரியரும் சாக்ஸஃபோன் கலைஞரும் 'திருத்தப்படுவதற்காக' கம்யூனிஸ்ட் ஆட்சியால் அனுப்பப்பட்டு வேலை செய்கிறார்கள். உருக்கப்படக் காத்திருக்கும் குவியலில் தட்டச்சு இயந்திரங்களும் சிலுவைகளும் கிடக்கின்றன. யாரும் உரத்த குரலில் முழங்குவதில்லை. அதனால்தான் அந்தக் காட்சி என்னை இன்றும் விடுவதில்லை. படம் தடை செய்யப்பட்டது. 1990இல்தான் வெளிவந்து பெர்லினில் தங்கக் கரடி விருதைப் பகிர்ந்துகொண்டது.

இடையில் சில ஆண்டுகள் அவருக்குப் படமே கிடைக்கவில்லை. 1974இல் அணைக்கட்டுத் தொழிலாளர்களைப் பற்றி, ஆட்சிக்கு உவப்பான ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். நீ குறை சொல்வது இதைத்தான் என்று அறிவேன். அது நல்ல படமன்று. ஆனால் அங்கேயே இருந்ததால்தான் 1985இல் 'என் இனிய சிறு கிராமம்' வந்தது. குண்டான லாரி ஓட்டுநரும் அவருடைய வெகுளியான உதவியாளன் ஒட்டிக்கும் காலையில் வேலைக்குப் போகும்போது, ஒட்டிக் அவருடைய காலடியோடு தன் காலடியைப் பொருத்தப் படும் பாட்டைப் பார். அந்த நடையும், பீர்க்கடைப் பேச்சும், பக்கத்து வீட்டு வம்பும் கலிஃபோர்னியாவில் அவருக்குக் கிடைத்திருக்குமா? ஃபோர்மனுடைய கலை எங்கு போனாலும் வேர்விட்டது. மென்செலுக்கோ அந்த மண்ணும் அந்த மொழியும் வேண்டியிருந்தன.

2018இல் வந்த 'மொழிபெயர்ப்பாளர்' படத்தில், பெற்றோரை நாஜிகளிடம் பறிகொடுத்த முதியவராக அவர் நடித்திருப்பதையும் தவறவிடாதே; 2020 செப்டம்பரில் காலமானார். அவரைத் தேடிச் சென்று நம் நாட்டு சிவேந்திர சிங் துங்கர்பூர் எடுத்த 'செக்மேட்' ஆவணப்படம் ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. பொங்கலுக்கு நீ இங்கு வரும்போது இருவருமாக உட்கார்ந்து அதைப் பார்ப்போம். அதற்குள் வானம்பாடிகளைப் பார்த்துவிட்டு உன் மறுப்பை விரிவாக எழுது.

என்றும் அன்புடன்,
இராமநாதன்