நரம்பு வேறு, ரத்தக்குழாய் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் நரம்பு மண்டலத்தை நோயாளிகளுக்கு அறிமுகம் செய்த கட்டுரையில், "நரம்புகளில் ரத்த ஓட்டம் தடைபடுவதே பக்கவாதம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ரத்தம் ஓடுவது ரத்தக்குழாயில். நரம்பு, மூளைக்கும் உடம்புக்கும் இடையே சேதி கொண்டுபோவது. இது தங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த ஒரு சொல்லால் என் வீட்டில் ஓர் இரவு பறிபோனது. என் கணவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், இரவு 9 மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தவரின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வலது கை துவண்டு மடியில் கிடந்தது, வாய் கோணியது. என்னைக் கூப்பிட வாயெடுத்தவருக்கு முதல் எழுத்துக்கு மேல் வரவில்லை. "நரம்பு இழுத்துக்கொண்டது" என்றார்கள் அக்கம்பக்கத்தார். கோளாறு கையில்தான் என்று நம்பி, விடியும்வரை தைலத்தைச் சூடாக்கி அந்தக் கையை நீவிக்கொண்டிருந்தேன்.

காலையில் மதுரைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் சொன்னார்: "கையில் ஒரு குறையும் இல்லையம்மா. மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. வலது கையை ஆள்வது அந்தப் பக்கம்தான். பேச்சும் பெரும்பாலும் அங்கேதான்." அடைப்பைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 11 மணி நேரம் ஆகியிருந்தது. இன்றுவரை அவர் என் பெயரை முழுதாகச் சொன்னதில்லை.

குளுக்கோஸ் ஏற்றும் நர்ஸ்கூட "நரம்பு கிடைக்கவில்லை" என்றுதான் சொல்கிறார். பேச்சில் அப்படி வந்துவிடுகிறது. அச்சிலும் அப்படியே வரலாமா?

22 ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்குகிறேன். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் படத்தை ஒரு தொடர்கதைக்குப் போட்டீர்கள். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்று அன்றே எழுதினேன், அச்சேறவில்லை. மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞரைக் 'கோமாவில் இருந்தவர்' என்று எழுதினீர்கள். கோமாவிலிருந்து மீள வழியுண்டு. மூளைச்சாவு என்பது மரணம். மகனின் உறுப்புகளைத் தானம் கொடுத்த அந்தத் தாய் அதைப் படித்திருந்தால் என்ன பாடுபட்டிருப்பார்!

எனக்குச் சர்க்கரை. பாதம் எரிகிறது, செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை. இதுதான் நரம்புக் கோளாறு. அவருக்கு வந்தது மூளைக் கோளாறு. இரண்டையும் 'நரம்புத் தளர்ச்சி' என்ற ஒரே பெயரில் அடக்கி, அதே பக்கத்தின் அடியில் லேகிய விளம்பரமும் வெளியிட்டிருக்கிறீர்கள். மனம் கொதிக்கிறது, ஐயா.

வரும் ஞாயிறு ஒரு வரி திருத்தம் போடுங்கள். கூடவே, வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்று கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டி எங்கள் தெரு ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருமங்கலம்.