முழங்கை கொடுத்தவர்களுக்கு

வழித்துணையாக வந்த தொண்டர்களுக்கும், கோயில் ஊழியர்களுக்கும், தாகசாந்திப் பந்தல்காரர்களுக்கும், காலி வீதிக் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

கொழும்பு செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும் முருகனின் ஆடிவேல் தேர்ப்பவனியை இம்முறை விழிப்புலனற்ற அடியார்கள் வீதியோரத்தில் நின்று வழிபட்டார்கள். தேர்ச்சில்லின் அதிர்வு காலில் ஏறும் தூரத்தில் நின்றார்கள். பொதுவாக 'எல்லோருக்கும் நன்றி' என்று எழுதிவிட மனம் வரவில்லை. யார் என்ன செய்ததால் எது சரிவந்தது என்று பெயர் குறிக்காமலாவது எழுதிவைத்தால், அடுத்த ஆடிக்கு வரும் புதியவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி, பவனிக்கு முன்னரே பயிற்சிக்கு வந்த தொண்டர்களுக்கு. உதவ வருபவர் அன்பினால் செய்யும் முதற்பிழை, கையைப் பிடித்து இழுப்பது. இழுபடுகிறவருக்கு உடல் முன்னே சரியும், தரை எங்கே முடிகிறது என்று தெரியாது, வெள்ளைப் பிரம்பும் பயன்படாமல் போகும். நீங்கள் இழுக்கவில்லை. உங்கள் புறங்கையால் அவர் புறங்கையை மெல்லத் தொட்டீர்கள். அவர் உங்கள் கைவழியே தடவி, முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை எட்டுப் பின்னால் வந்தார். உங்கள் உடல் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பிடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அப்படியிருந்தும் ஒவ்வொரு விளிம்பிலும் நின்று, 'மேலே ஒரு படி', 'கீழே ஒரு படி' என்று சொன்னீர்கள். 'பார்த்து, படி' என்று மட்டும் சொன்னால் காலைத் தூக்குவதா இறக்குவதா என்று அவர் தடுமாறுவார். சிங்களம் பேசும் தொண்டர்களோடு 'உடட்ட' (மேலே), 'பஹளட்ட' (கீழே), 'நவதின்ன' (நில்லுங்கள்) என்ற மூன்று சொற்களை முன்கூட்டியே பழகிவைத்ததும் நல்லதாயிற்று. நெரிசலில் நீண்ட வசனம் யாருக்கும் கேட்காது.

இடுக்கான இடங்களில் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கினீர்கள். அது 'எனக்கு நேர் பின்னால் வாருங்கள்' என்பதற்கான சைகை. தேரைப் பார்க்க முண்டியடிக்கும் கூட்டத்துக்குள் இருவர் பக்கம் பக்கமாக நடந்தால் நடுவில் யாராவது புகுந்து பிடியைப் பிரித்துவிடுவார்கள். ஐந்து சோடிக்கு ஒருவர் யாரையும் அழைத்துச் செல்லாமல் வெறுங்கையோடு நடந்தாரே, அவருக்குத் தனி நன்றி. தண்ணீர் எடுப்பதும், கழிப்பறைக்கு வழி பார்ப்பதும், களைத்த தொண்டரை மாற்றிவிடுவதும் அவர் வேலை. அவர் இல்லாவிட்டால் ஒரு தொண்டர் விலகும் நேரத்தில் கூடவந்தவர் நடுவீதியில் தனித்துப்போவார். விலகத்தான் வேண்டுமென்றால், சுவரையோ கம்பியையோ தொடவைத்து, 'நான் போய் வருகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லிப் போக வேண்டும். சொல்லாமல் போனால் அவர் வெறுங்காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். அந்த அவமானத்தை ஒருவருக்கும் நீங்கள் கொடுக்கவில்லை.

ஒலிபெருக்கியை வேறு பக்கம் திருப்பித்தந்த பந்தல்காரர்களே, நீங்கள் செய்தது சின்ன உதவி அல்ல. பார்வையுள்ளவருக்கு ஒலிபெருக்கிச் சத்தம் வெறும் இரைச்சல். பார்வையற்றவருக்கோ திசையே அழிந்துவிடும், பிரம்பின் தட்டொலியும் தொண்டரின் குரலும் அதில் மூழ்கிவிடும். தவிலும் நாதஸ்வரமும் எந்தப் பக்கத்திலிருந்து நெருங்கி வருகின்றன என்று அவர்களே கேட்டு உணர முடிந்தது உங்களால்தான். மோரைக் கொடுக்கும்போது கோப்பையை நீட்டிக்கொண்டு நிற்காமல், பேசி, விரலில் தொடவைத்துக் கொடுத்தீர்கள். கோப்பையை விளிம்புவரை நிரப்பவும் இல்லை.

சிதறுதேங்காய் உடைக்கும் இடங்களில் வாளியும் விளக்குமாறுமாக நின்ற இளைஞர்களை மறக்கக் கூடாது. நேர்த்திக்காக வெறுங்காலோடு வருபவர்களுக்குச் சிரட்டைத் துண்டும், தேங்காய்த் தண்ணீர் ஊறிய தார்வீதியும் ஒருசேர ஆபத்து. பிரம்பின் நுனியில் சிரட்டை தட்டுப்படும், ஈரம் தட்டுப்படாது. நீங்கள் கூட்டித் தள்ளிய பின்னர்தான் எங்கள் வரிசை நகர்ந்தது.

காட்சியைச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு என்ன கைம்மாறு செய்வது! முதலில் இடம், பிறகு அசைவு, கடைசியில் நிறம் என்ற ஒழுங்கைக் கைவிடாமல் சொன்னீர்கள். 'பதினொரு மணித் திசையில் தேர், மரத்தடிக்கு வந்துவிட்டது, மெல்ல அசைகிறது, முன்னால் மயிலிறகுக் காவடிகள்' என்றால் மனதில் படம் எழும் (பதினொரு மணித் திசை என்பது கடிகார முகப்பில் பதினொன்று இருக்கும் பக்கம், நேர் முன்னுக்குச் சற்று இடப்புறம்). 'அங்கே பாருங்கள், எவ்வளவு அழகு' என்றால் எதுவும் எழாது. அரோகரா எழும்போது வாயை மூடிக்கொண்டீர்கள். அந்த நேரம் அடியாருக்கும் முருகனுக்கும் உரியது. பிறவியிலேயே பார்வையில்லாதவரிடம் நிறத்துக்குப் பதில் கனத்தையும் உயரத்தையும் சொன்னதைக் கேட்டபோது நெஞ்சு நிறைந்தது. பகுதிப் பார்வை உள்ளவர்களை மின்விளக்குச் சோடனைக்கு முதுகுகாட்டி நிறுத்தியதும் சரியே. நேரெதிர் வெளிச்சம் அவர்களிடம் மிஞ்சியிருக்கும் பார்வையையும் கூசவைத்துவிடும்.

பவனிக்கு முன் அரைமணி நேரம் தொட்டுப்பார்க்கச் சின்ன வேல், காவடிச் சட்டம், மயிலிறகுக் கட்டு, அட்டையில் செய்த தேர் மாதிரி ஆகியவற்றை மேசையில் வைக்க இடம் தந்தவர்களுக்கு நன்றி. கையால் வடிவத்தை அறிந்த பிறகு கேட்கும் வர்ணனையே வேறு. ஒரே நேரத்தில் மூவருக்கு மேல் மேசையருகே விடாததால் ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

கோயில் வாசலில் செருப்பு காத்த அம்மாமாருக்கும் நன்றி. சோடியைச் சேர்த்துக் கட்டி, முடிச்சு எண்ணிக்கையால் அடையாளம் வைத்தீர்கள்: ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு. எண் எழுதிய துண்டை அவர்களால் வாசிக்க முடியாதே.

இதையெல்லாம் தயவு என்று நாங்கள் எண்ணவில்லை. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்வதை உரிமை என்றே சொல்கிறது. ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கோ பௌத்தர்களின் வெசாக் திருநாள் தோரணங்களுக்கோ இதே முறையில் வழித்துணை ஒழுங்குசெய்ய விரும்புபவர்கள் கேளுங்கள். பயிற்சிக்கு நாங்களே வருகிறோம்.

கடைசியாக ஒன்று. மேசைக்காகக் காவடி தந்துதவிய ஐயா, உங்கள் காவடி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. பலர் தொட்டுப் பார்த்ததில் இரண்டு மயிலிறகுகள் முறிந்துவிட்டன, புதிதாக மாற்றிக் கட்டியிருக்கிறோம். உங்களுக்கு வசதியான நாளைச் சொன்னால் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
வழித்துணை ஒழுங்கமைப்பாளர்கள்
கொழும்பு