வால்பாறைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியுள்ள சோலைகளைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்
வால்பாறை வட்டப் பொதுமக்கள் மற்றும் தோட்டத் தொழிலாளர்கள்,
வால்பாறை, கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: தோட்ட நிலங்களின் பயன்பாட்டை மாற்ற அனுமதி வழங்கும் முன், துண்டுச் சோலைகளையும் யானை வழிகளையும் ஒரே வரைபடத்தில் பதிவு செய்யக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். வால்பாறை மேட்டுநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். ஆனைமலை புலிகள் காப்பகமும், கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகளும் இதைச் சூழ்ந்துள்ளன. 1890களில் தொடங்கி இங்கிருந்த மழைக்காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். அதில் தப்பியவை நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுச் சோலைகள். இவற்றில் பெரும்பாலானவை எஸ்டேட் நிலத்துக்குள்ளேயே இருக்கின்றன. காப்பகத்தின் எல்லைக்குள் வருவதில்லை. ஆகவே அரசுக் கணக்கில் காப்பகம் ஒரு ஏக்கர்கூடக் குறையாத ஆண்டிலும், எங்கள் கண்ணெதிரே காடு குறைகிறது.

தேயிலையில் வருமானம் சரிந்ததால் நிலத்தை வேறு வழியில் பயன்படுத்த முயல்கிறார்கள். ஓரிடத்தில் காப்பிக்கு நிழல் தந்த பழைய காட்டுமரங்களை வெட்டிவிட்டு அயல்நாட்டு மரமான சில்வர் ஓக்கை நடுகிறார்கள். இன்னோரிடத்தில் ஆற்றோரமாகத் தங்கும் விடுதி, அதற்கொரு சாலை, அதைச் சுற்றி வேலி. ஒவ்வொன்றும் தனிக் கோப்பாகத்தான் அலுவலகத்துக்கு வருகிறது. தனியாகப் பார்த்தால் பரப்பு சிறியது, மறுக்கக் காரணமும் தென்படாது. அந்தச் சிறிய இடம் இரண்டு சோலைகளை இணைக்கும் ஒரே இடமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை எந்தக் கோப்பும் சொல்வதில்லை. எங்கள் மனுவின் மையம் இதுதான்.

சோலை துண்டானால் பரப்பு மட்டும் குறைவதில்லை. விளிம்பில் வெயிலும் காற்றும் நேரடியாக நுழைகின்றன. ஈரம் வற்றுகிறது, பெரிய மரங்கள் சாய்கின்றன, உன்னிச்செடி என்னும் களை உள்ளே பரவுகிறது. பழுத்த கனியை விழுங்கி விதையைத் தொலைவில் போடும் இருவாச்சிப் பறவைக்குக் கூடு வைக்கப் பொந்துள்ள முதிய மரம் வேண்டும். அத்தகைய மரங்கள் போனால் பறவையும் போகும், பறவை பரப்பிவந்த மரங்களும் மெல்ல அருகும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சோலைமந்தி (சிங்கவால் குரங்கு), மரத்துக்கு மரம் தாவியே வாழும் விலங்கு. புதுத்தோட்டம் சோலையில் கிளைத்தொடர்பு அறுந்ததால் அவை சாலையில் இறங்கி வாகனங்களில் அடிபட்டன. சாலைக்கு மேலே பாலங்கள் கட்டி இன்று அவற்றைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். அறுந்ததை ஒட்டவைக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன.

யானைகளைப் பற்றி நாங்களே சொல்வதுதான் பொருத்தம். ஆண்டுதோறும் ஏறக்குறைய நூறு யானைகள் இந்த மேட்டுநிலத்தைப் பயன்படுத்துகின்றன. பகலில் சோலையிலும், நடுவாறு, சோலையாறு கரையோர மரங்களுக்குள்ளும் நிற்கும். இருட்டியபின் தேயிலைக்காட்டைக் கடக்கும். அந்த வழியில் வேலியோ கட்டடமோ எழும்பினால் கூட்டம் திரும்பிப் போய்விடுவதில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் பக்கமாக, ரேஷன் கடை பக்கமாக வருகிறது. விடுதி கட்டியவருக்கு அனுமதி கிடைக்கிறது, அதன் விலையை விடியலில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கொடுக்கிறார்கள். 2011 முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தியும் சிவப்பு எச்சரிக்கை விளக்கும் பல உயிர்களைக் காத்திருக்கின்றன, அதற்கு நன்றியுடையோம். ஆனால் யானை வந்துவிட்டது என்று எச்சரிக்கத்தான் அவற்றால் முடியும்.

சட்டம் தங்கள் கையில் இருக்கிறது. தனியார் காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுவதைத் தடுக்க 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. மேலும், தோட்டப்பயிர் நிலம் என்பதால்தான் நில உச்சவரம்புச் சட்டம் எஸ்டேட்டுகளுக்கு விலக்கு அளித்தது. தோட்டமாகவே தொடராத நிலத்துக்கு அந்த விலக்கு எப்படிப் பொருந்தும் என்பதைத் தாங்கள் ஆராய வேண்டுகிறோம்.

எனவே, வருவாய்த் துறை, வனத் துறை, நகராட்சி மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு சோலையையும், ஆற்றோர மரப்பகுதியையும், யானை கடக்கும் இடத்தையும் புல எண்ணுடன் வரைபடமாக்க ஆணையிட வேண்டும். அது முடியும்வரை அந்தப் பகுதிகளில் புதிய கட்டடம், மின்வேலி, மரம் வெட்டுதல் எதற்கும் அனுமதி தரக் கூடாது. முடிந்தபின் எந்த விண்ணப்பமும் அந்த வரைபடத்தின் மீது வைத்துப் பார்த்தே முடிவு செய்யப்பட வேண்டும். நிழல் மரங்களுடன் காப்பியைத் தொடரும் எஸ்டேட்டுகளுக்கும், ஓரங்களில் உள்ளூர் மழைக்காட்டு மரங்களை நடுபவர்களுக்கும் ஊக்கத்தொகை கிடைக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். இதைக் காரணம் காட்டி எந்தத் தொழிலாளர் குடும்பத்தையும் வெளியேற்றக் கூடாது என்பதையும் அதே ஆணையில் சேர்க்குமாறு தனியாக வலியுறுத்துகிறோம்.

கள ஆய்வுக்கு அலுவலர்கள் வரும்போது எந்தப் பாத்தி வழியாக யானை இறங்குகிறது, எந்த மரத்தில் இருவாச்சி கூடு வைக்கிறது என்று நடந்து காட்ட ஒவ்வொரு எஸ்டேட்டிலும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். ஆய்வு நாளை முன்கூட்டித் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: வால்பாறை
நாள்:

இப்படிக்கு,
வால்பாறை வட்டப் பொதுமக்கள் மற்றும் தோட்டத் தொழிலாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)