கார்ட்டர் கவர்னரா இருந்தப்போ

ஆசிரியர் சாருக்கு வணக்கம். ஜிம்மி கார்ட்டர்னாலே அமெரிக்க பிரசிடென்ட்டா இருந்தத மட்டும்தான் பேசுறாங்க, அதுக்கு முன்னாடி 1971ல அங்க ஜார்ஜியா மாநிலத்துக்கு கவர்னரா (அங்க கவர்னர்னா ஓட்டு வாங்கி ஜெயிக்கணும், நம்ம ஊரு சிஎம் மாதிரி) பதவியேத்த அன்னைக்கே நிறவெறிக்கு இனி காலம் இல்லன்னு மேடையிலயே சொன்னவர் அவர். எலக்‌ஷன் டைம்ல வெள்ளைக்காரங்க ஓட்டுக்காக வழவழன்னு பேசினவர்தான், அதையும் சொல்லணும்ல. அவருக்கு முந்தின கவர்னர் லெஸ்டர் மேடாக்ஸ் யாருன்னா, 1964ல தன் ஹோட்டலுக்கு சாப்பிட வந்த கறுப்பின மக்கள துப்பாக்கியோட விரட்டுன ஆளு, அதுலயே ஃபேமஸாகி கவர்னராவும் ஆயிட்டாரு! அதே ஜார்ஜியாவோட தலைநகர் அட்லாண்டாவுல, சட்டசபைக் கட்டடத்துல 1974ல மார்ட்டின் லூதர் கிங் படத்த கார்ட்டர் மாட்டினப்போ வெளியில கூ கிளக்ஸ் கிளான்ங்கிற வெள்ளை நிறவெறிக் கும்பலோட ஆளுங்க கத்திட்டு நின்னாங்க. படம் மாட்டியாச்சு.

– உங்க நெடுநாள் வாசகன், மதுரை